மீனின் அசைவுகளை ஆளும் இயக்க நரம்புக்கலங்கள்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம் – இயைபாக்கம் அலகுக்கான விளக்கக் கட்டுரை

அறிமுகம்

உக்குவளையில் வாழும் மாணவருக்குச் சுது கங்கை புதியதன்று. பொல்கொல்லையில் திசைதிருப்பப்படும் மகாவலி கங்கையின் நீர், மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட சுரங்கவழியூடாக உக்குவளை நீர்மின் நிலையத்தை அடைந்து, சுழலிகளைச் சுழற்றிய பின்னர் இவ்வாற்றிற் சேர்கின்றது. 1976ஆம் ஆண்டு முதல் இது நடைபெற்று வருகின்றது. இதனால் ஆற்றின் நீரோட்டம் சில வேளைகளில் மெதுவாகவும் சில வேளைகளில் மிக வேகமாகவும் இருக்கும்.

பாலத்தின் மீது நின்று, தெளிந்த நீருள்ள இடத்தைச் சிறிது நேரம் உற்று நோக்குங்கள். சிறு மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து, வாலை மெதுவாக அசைத்தபடி ஒரே இடத்தில் நிற்பதைக் காணலாம். அவற்றின் மீது உங்கள் நிழல் விழுந்தாலோ, ஒரு சிறு கல் நீரில் விழுந்தாலோ, கண் இமைக்கும் நேரத்தில் அவை மறைந்துவிடும். சற்று நேரத்தின் பின் மீண்டும் வந்து, செட்டைகளை மட்டும் அசைத்து மெல்லத் திரும்பி, கல்லில் உள்ள பாசியைக் கொத்தும்.

ஒரே உடல், ஒரே வால், ஒரே முண்ணாண். அவ்வாறிருக்க, மெதுவாக நிற்றல், திடீரெனப் பாய்தல், மெல்லத் திரும்புதல் எனப் பலவகை அசைவுகள் எவ்வாறு தோன்றுகின்றன? இவ்வினாவிற்கான விடையே இக்கட்டுரையாகும். விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடலாம்: எந்த இயக்க நரம்புக்கலங்கள், எந்த ஒழுங்கில், எந்தப் பக்கத்தில் தொழிற்படுகின்றன என்பதே அசைவின் வகையைத் தீர்மானிக்கின்றது.

(கவனிக்க: மின் நிலையத்திற்குக் கீழே ஆற்றின் நீர்மட்டம் திடீரென உயரக்கூடும். அவதானிப்பைப் பாலத்திலிருந்தோ கரையிலிருந்தோ மட்டுமே செய்க. ஆற்றில் இறங்க வேண்டாம்.)

1. இயக்க நரம்புக்கலம் என்றால் என்ன?

நரம்புக்கலங்கள் தொழிலின் அடிப்படையில் மூவகைப்படும் என்பதை நீங்கள் கற்றுள்ளீர்கள்.

• புலன் நரம்புக்கலம் – வாங்கியிலிருந்து மைய நரம்புத் தொகுதிக்குக் கணத்தாக்கத்தைக் கொண்டுசெல்லும்.
• இடைத்தூது நரம்புக்கலம் – மைய நரம்புத் தொகுதியினுள் ஒரு நரம்புக்கலத்தை மற்றொன்றுடன் தொடர்புபடுத்தும்.
• இயக்க நரம்புக்கலம் – மைய நரம்புத் தொகுதியிலிருந்து விளைவுகாட்டிக்குக் கணத்தாக்கத்தைக் கொண்டுசெல்லும்.

மீனும் மனிதனும் முள்ளந்தண்டுளிகளே. எனவே இவ்வொழுங்கு இரண்டிலும் ஒன்றே. மீனின் உடலையும் வாலையும் அசைக்கும் இயக்க நரம்புக்கலங்களின் கலவுடல்கள் முண்ணாணினுள் உள்ளன. அவற்றின் நீண்ட நார்கள் முண்ணாணை விட்டு வெளியேறித் தசையை அடைகின்றன. நாரின் முனையில் அசற்றைல்கோலீன் எனும் இரசாயனப் பொருள் வெளிவிடப்படும். அது தசை நாரைத் தூண்ட, தசை சுருங்கும்.

இங்கு மாணவர் பலர் விடும் ஒரு தவறைக் குறிப்பிட வேண்டும். "இயக்க நரம்புக்கலம் தசையைச் சுருக்கவும் செய்யும், தளர்த்தவும் செய்யும்" எனச் சிலர் எழுதுவர். இது பிழையாகும். முள்ளந்தண்டுளிகளின் வன்கூட்டுத் தசைக்குச் செல்லும் இயக்க நரம்புக்கலம் தசையைச் சுருங்கவே தூண்டும். கணத்தாக்கம் வருவது நின்றவுடன் தசை தானாகவே தளரும். ஒரு தசையைச் சுருங்க விடாது தடுக்க வேண்டுமாயின், அதற்குரிய இயக்க நரம்புக்கலத்தை முண்ணாணினுள்ளேயே அடக்க வேண்டும். அவ்வேலையை இடைத்தூது நரம்புக்கலங்கள் செய்கின்றன.

2. மீனின் உடற்றசைகள்

அவித்த மீன் துண்டு ஏடு ஏடாகப் பிரிவதை நீங்கள் உணவு உண்ணும்போது கண்டிருப்பீர்கள். ஒவ்வோர் ஏடும் ஒரு தசைத் துண்டமாகும். தலையிலிருந்து வால்வரை, உடலின் இருபக்கமும் இத்துண்டங்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. துண்டங்களுக்கிடையே மெல்லிய தொடுப்பிழையம் உண்டு. வெப்பத்தினால் அது இளகுவதனாலேயே ஏடுகள் பிரிகின்றன.

இனி மீனைக் குறுக்காக வெட்டிய துண்டொன்றை நோக்குக. தோலுக்குக் கீழே, உடலின் பக்கவாட்டு நடுக்கோட்டை அண்டி, கடுஞ்சிவப்பான சிறு பகுதி தெரியும். சூரை மீனில் இப்பகுதி பெரிது, கறுப்பாகவே தோன்றும். திலாப்பியாவில் இது ஒரு மெல்லிய கீற்று மட்டுமே. எஞ்சிய பெரும்பகுதி வெளிறிய தசையாகும்.

செந்தசை:
• குருதி வழங்கல் அதிகம்; இழைமணிகள் அதிகம்; ஒட்சிசனைச் சேமிக்கும் மயோகுளோபின் உண்டு.
• காற்றுச் சுவாசத்தினாற் சக்தியைப் பெறும்.
• மெதுவாகச் சுருங்கும், நீண்டநேரம் களைப்படையாது.

வெண்தசை:
• குருதி வழங்கல் குறைவு, இழைமணிகள் குறைவு.
• பாய்ச்சலின்போது பெரும்பாலும் காற்றின்றிய சுவாசத்தினாற் சக்தியைப் பெறும், இலற்றிக்கமிலம் தோன்றும்.
• மிக வேகமாகவும் வலுவாகவும் சுருங்கும், விரைவிற் களைப்படையும்.

தூண்டிலில் அகப்பட்ட மீன் முதலிற் பலமாக இழுத்துப் பின் சோர்ந்துவிடுவதற்கு வெண்தசையின் இவ்வியல்பு முக்கிய காரணமாகும்.

3. நீந்தும்போது நடைபெறுவது யாது?

மீன் முன்னோக்கிச் செல்ல உடல் இடமும் வலமுமாக மாறி மாறி வளைய வேண்டும். இடப்பக்கத் தசை சுருங்கும்போது வலப்பக்கத் தசை தளர்ந்திருத்தல் அவசியம். இரண்டும் ஒரே நேரத்திற் சுருங்கினால் உடல் விறைத்து நிற்குமேயன்றி வளையாது.

இதனை முண்ணாண் பின்வருமாறு நிறைவேற்றுகின்றது.

(அ) இடப்பக்க இயக்க நரம்புக்கலங்கள் தூண்டப்படும். அதே வேளையில், முண்ணாணின் குறுக்காகச் செல்லும் இடைத்தூது நரம்புக்கலங்கள் வலப்பக்க நரம்புக்கலங்களை அடக்கும்.
(ஆ) அடுத்த கணத்தில் இந்நிலைமை மாறும். வலப்பக்கம் தூண்டப்பட, இடப்பக்கம் அடக்கப்படும்.
(இ) தலைப்பக்கத்திலுள்ள துண்டங்களின் நரம்புக்கலங்கள் முதலிலும், வாற்பக்கத்தவை சிறிது பிந்தியும் தொழிற்படும். எனவே வளைவு ஓர் அலைபோலத் தலையிலிருந்து வாலை நோக்கிச் செல்லும். அவ்வலை நீரைப் பின்னோக்கித் தள்ள, மீன் முன்னோக்கிச் செல்லும். (நியூற்றனின் மூன்றாம் விதியை நினைவுகூர்க.)

இந்தத் தாளத்தை உண்டாக்குவது மூளையா, முண்ணாணா? லாம்பிரே எனும் தாடையற்ற மீனின் முண்ணாணைத் தனியே பிரித்தெடுத்து, உரிய இரசாயனக் கரைசலில் வைத்தபோதும், இடம்–வலம் எனும் தாளம் அதன் நரம்புகளில் தொடர்ந்து காணப்பட்டது. சுவீடன் நாட்டின் கரோலின்ஸ்கா நிறுவகத்தைச் சேர்ந்த ஸ்ரென் கிறில்னர் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். ஆகவே "தொடங்கு", "நிறுத்து", "வேகமாகச் செல்" என்னும் கட்டளைகளே மூளையிலிருந்து வருகின்றன. ஒவ்வொரு வாலடிப்பையும் ஒழுங்குசெய்வது முண்ணாணிலுள்ள நரம்புக்கலச் சுற்றுக்களாகும்.

4. மெதுவாகவும் வேகமாகவும் நீந்துதல்

இதுவே பாடத்தின் மையப் பகுதியாகும். மீன் வேகத்தைக் கூட்டும்போது அதே நரம்புக்கலங்கள் சற்றுக் கூடுதலாக வேலை செய்கின்றன என்று மட்டும் எண்ணுதல் போதாது. புதிய நரம்புக்கலங்களும் வேலையிற் சேர்க்கப்படுகின்றன.

முண்ணாணில் உள்ள இயக்க நரம்புக்கலங்கள் யாவும் ஒரேமாதிரியானவையல்ல. சிறியவை செந்தசைக்குச் செல்கின்றன. இவற்றைத் தூண்டச் சிறு தூண்டலே போதும். பெரியவை வெண்தசைக்குச் செல்கின்றன. இவற்றைத் தூண்ட வலிய தூண்டல் வேண்டும். எனவே,

• மெதுவாக நீந்தும்போது – செந்தசைக்குரிய சிறிய இயக்க நரம்புக்கலங்கள் மட்டும் தொழிற்படும்.
• வேகம் கூடும்போது – இடைத்தரமான நரம்புக்கலங்களும் சேரும்.
• மிக வேகமாகப் பாயும்போது – வெண்தசைக்குரிய பெரிய நரம்புக்கலங்களும் சேரும்.

சிறியது முதலிலும் பெரியது பின்னரும் சேரும் இவ்வொழுங்கை, எல்வுட் ஹென்மன் என்பார் பூனைகளில் ஆராய்ந்து 1957இல் முதலில் எடுத்துக்காட்டினார். நாம் ஒரு பென்சிலைத் தூக்கும்போதும், நீர் நிறைந்த வாளியைத் தூக்கும்போதும் எமது கையிலும் இத்தகைய ஒழுங்கே பின்பற்றப்படுகின்றது.

இவ்வொழுங்கினால் மீனுக்குக் கிடைக்கும் நன்மை யாது? நீரோட்டத்தை எதிர்த்து நாள் முழுவதும் நிற்க வேண்டிய மீன், களைப்படையாத செந்தசையை மட்டும் பயன்படுத்துகின்றது. வெண்தசையை அது சேமித்து வைத்திருக்கின்றது. கொக்கோ பெரிய மீனோ தாக்க வரும்போதே அச்சேமிப்பு செலவிடப்படும். எந்நேரமும் வெண்தசையால் நீந்தும் மீன், ஆபத்து வரும்போது களைத்துப்போயிருக்கும், உயிர் தப்பாது.

5. திடீரெனப் பாய்தல்

ஆபத்து நேரும்போது வேகத்தைப் படிப்படியாகக் கூட்ட நேரமில்லை. இதற்கெனத் தனியான பாதை ஒன்று உண்டு. மீனின் பின்மூளையில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரு மிகப் பெரிய நரம்புக்கலங்கள் உள்ளன. 1859இல் இவற்றை விவரித்த லுட்விக் மௌத்னரின் பெயரால் இவை மௌத்னர் கலங்கள் எனப்படும்.

இடப்பக்கத்தில் ஒரு கல் விழுகின்றது எனக் கொள்வோம்.

படி 1: நீரின் அதிர்வை உட்காது (வாங்கி) உணரும்.
படி 2: புலன் நரம்புக்கலம் கணத்தாக்கத்தைப் பின்மூளைக்குக் கொண்டுசெல்லும்.
படி 3: இடப்பக்க மௌத்னர் கலம் தூண்டப்படும். அதன் பருத்த நார் மறுபக்கத்திற்குக் கடந்து, முண்ணாணின் வலப்பக்கம் வழியே வால்வரை செல்லும்.
படி 4: வலப்பக்க இயக்க நரம்புக்கலங்கள், பெரியவை உட்பட, ஏறத்தாழ ஒரே கணத்திற் தூண்டப்படும். இடப்பக்கத்தவை அடக்கப்படும்.
படி 5: வலப்பக்கத் தசை முழுவதும் சுருங்க, உடல் "ப" வடிவில் வளைந்து, தலை கல் விழுந்த பக்கத்திற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும். அடுத்த வாலடிப்பில் மீன் பாய்ந்து செல்லும்.

தூண்டல் கிடைத்து ஏறத்தாழ 10 மில்லி செக்கனில் உடல் வளையத் தொடங்கிவிடும். அதாவது ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு. நார் எவ்வளவு பருத்ததோ அவ்வளவு வேகமாகக் கணத்தாக்கம் செல்லும் என்பதே இவ்விரைவுக்கு ஒரு காரணமாகும்.

சாதாரண நீந்தலில் நரம்புக்கலங்கள் தலையிலிருந்து வாலை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்படுகின்றன. பாய்தலில் ஒரு பக்கம் முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொழிற்படுகின்றது. தசைகள் அவையே; ஒழுங்கே வேறு.

6. ஏனைய அசைவுகள்

• மார்புச் செட்டைகள்: இவற்றின் இயக்க நரம்புக்கலங்கள் முண்ணாணின் முற்பகுதியில் உள்ளன. ஒரு தொகுதித் தசை செட்டையை வெளியே விரிக்கும். மற்றொன்று உடலோடு சேர்க்கும். மெல்லத் திரும்பவும் நிற்கவும் இவை உதவும். வேகமாக நீந்தும்போது பல மீன்கள் மார்புச் செட்டைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும்.
• தாடையும் பூமூடியும்: இவற்றின் இயக்க நரம்புக்கலங்கள் மூளைத்தண்டில் உள்ளன. வாய் திறந்து மூடுவதும், பூமூடி அசைவதும் பூக்களுக்கு மேலாக நீர் தொடர்ந்து பாய உதவும்.
• கண்: கண்ணை அசைக்கும் இயக்க நரம்புக்கலங்களும் மூளையிலேயே உள்ளன. உடல் சாய்ந்தாலும் பார்வை நிலைத்திருக்க இவை உதவும்.

ஆகவே ஒவ்வோர் உறுப்பிற்கும் உரிய இயக்க நரம்புக்கலங்கள் தமக்குரிய இடத்தில் அமைந்துள்ளன.

7. இவற்றை எவ்வாறு கண்டறிந்தனர்?

மீன் வளர்ப்புக் கடைகளில் விற்கப்படும் நீலக்கோடுகளையுடைய வரிக்குதிரை மீனை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமான இம்மீனின் தாயகம் இந்தியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளாகும். 1822இல் பிரான்சிஸ் ஹமில்ரன், கங்கை ஆற்று மீன்கள் பற்றிய தமது நூலில் இதனை விவரித்தார். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஸ்ரைசிங்கர் என்பவர் இதனை ஆய்வுகூட விலங்காக வளர்த்தெடுத்தார். இன்று உலகெங்கும் இம்மீன் ஆராயப்படுகின்றது.

இதன் சிறப்பு யாதெனில், குஞ்சுகளின் உடல் ஒளியை ஊடுசெல்ல விடும். உயிருள்ள குஞ்சின் முண்ணாணில், தொழிற்படும் நரம்புக்கலங்கள் மட்டும் ஒளிரும்படி செய்து, நுணுக்குக்காட்டியினால் நேரடியாகப் பார்க்கலாம்.

2007இல் கோர்ணல் பல்கலைக்கழகத்தின் டேவிட் மக்லீன், ஜோசப் பெற்சோ ஆகியோரும் குழுவினரும் இவ்வாறு ஆராய்ந்தனர். மெதுவாக நீந்தும்போது முண்ணாணின் கீழ்ப்பகுதி இயக்க நரம்புக்கலங்களும், வேகம் கூடக்கூட மேற்பகுதியில் உள்ளவையும் தொழிற்படுவதை அவர்கள் கண்டனர். அதாவது வேகத்தின் "படம்" முண்ணாணில் கீழிருந்து மேலாக அமைந்துள்ளது. 2014இல் கரோலின்ஸ்கா நிறுவகத்தின் ஆய்வாளர்கள், வளர்ந்த மீனில் மெதுவான, இடைத்தரமான, வேகமான நீந்தலுக்கெனத் தனித்தனி இடைத்தூது நரம்புக்கலங்கள், தத்தமக்குரிய இயக்க நரம்புக்கலங்களுடன் இணைந்திருப்பதைக் காட்டினர். வாகனத்தின் கியர் மாற்றப்படுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

எமது அயல்நாட்டிலும் இவ்வாய்வு நடைபெறுகின்றது. பெங்களூரிலுள்ள உயிரியல் விஞ்ஞானங்களுக்கான தேசிய மையத்தில் வத்சலா திருமலையின் ஆய்வுக்குழு வரிக்குதிரை மீன் குஞ்சுகளை ஆராய்கின்றது. டோபமீன் எனும் இரசாயனப் பொருள், இயக்க நரம்புக்கலங்கள் வேலையிற் சேர்க்கப்படும் விதத்தை மாற்றி நீந்தும் வேகத்தைக் கூட்டுவதை இக்குழுவினர் 2020இல் வெளியிட்டனர்.

8. இதனால் எமக்கு என்ன பயன்?

இயக்க நரம்புக்கலம் அழிந்தால் என்ன நேரும் என்பதை இளம்பிள்ளை வாதம் (போலியோ) எனும் நோய் காட்டுகின்றது. போலியோ வைரசு முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக்கலங்களைத் தாக்கி அழிக்கும். தசைக்குக் கணத்தாக்கம் வராது. தசை தளர்ந்து நாளடைவில் மெலியும். ஆனால் புலன் நரம்புக்கலங்கள் பாதிக்கப்படாமையால், அக்காலில் முள் குத்தினால் நோயாளி வலியை உணர்வார். காலை இழுத்துக்கொள்ளத்தான் அவரால் இயலாது. இலங்கையில் இறுதிப் போலியோ நோயாளி 1993இலும், இந்தியாவில் 2011இலும் பதிவாகினர். 2014இல் தென்கிழக்காசிய வலயம் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. தடுப்பு மருந்தினாலேயே இது இயன்றது. அழிந்த நரம்புக்கலத்தை மீண்டும் உருவாக்க எமது உடலால் இயலாது என்பதை நினைவிற் கொள்க.

ஆனால் வரிக்குதிரை மீனின் முண்ணாண் வெட்டப்பட்டால், சில வாரங்களில் அது மீள வளர்ந்து மீன் மீண்டும் நீந்தும். இழந்த இயக்க நரம்புக்கலங்களுக்குப் பதிலாகப் புதியனவும் தோன்றுகின்றன. விபத்துக்களில் முண்ணாண் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் வழியைத் தேடும் விஞ்ஞானிகள், இச்சிறு மீனை உற்று நோக்குவதற்குக் காரணம் இதுவேயாகும்.

9. செயற்பாடு

வீட்டில் மீன் வெட்டும்போது வாற்பகுதிக்கு அண்மையிற் குறுக்காக வெட்டிய துண்டொன்றைப் பெற்றுக்கொள்க. செந்தசை, வெண்தசை, முள்ளந்தண்டென்பு, அதன் மேற்புறத்துள்ள துவாரத்தில் முண்ணாண் ஆகியவற்றை இனங்கண்டு, பெயரிட்ட படம் வரைக. சூரை, திலாப்பியா ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு, நெடுந்தூரம் ஓயாது நீந்தும் மீன் எதுவென ஊகிக்க.

10. மாதிரி வினாக்கள்

1. நீரோட்டத்தை எதிர்த்து நீண்டநேரம் நிற்கும் மீனில் பிரதானமாகத் தொழிற்படும் தசை எது? அதற்கு இரு காரணங்கள் தருக.

2. மீனின் வலப்பக்கத்தில் பெரிய அதிர்வொன்று ஏற்பட்டது. எப்பக்கத் தசை சுருங்கும்? மீன் எப்பக்கம் திரும்பும்?

3. மீன் குஞ்சொன்று செக்கனுக்கு 25 தடவை வாலடிக்கின்றது. (அ) ஒரு வாலடிப்புக்கான நேரம் யாது? (ஆ) அதில் இடப்பக்கத் தசைக்குக் கிடைக்கும் நேரம் யாது?

4. ஒருவரின் காலில் உணர்ச்சி உண்டு. ஆனால் காலை அசைக்க இயலவில்லை. பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய நரம்புக்கல வகை எது?

5. "வன்கூட்டுத் தசை தளர்வதற்கு இயக்க நரம்புக்கலம் கட்டளையிடுகின்றது." இக்கூற்றுச் சரியா? விளக்குக.

விடைகள்

1. செந்தசை. இழைமணிகள் அதிகம் உள்ளமை. காற்றுச் சுவாசத்தினாற் சக்தி பெறுவதால் விரைவிற் களைப்படையாமை. (குருதி வழங்கல் அதிகம் என்பதும் ஏற்கத்தக்கது.)

2. இடப்பக்கத் தசை சுருங்கும். மீன் இடப்பக்கம் திரும்பும்.

3. (அ) 1 ÷ 25 = 0.04 செக்கன். (ஆ) இரு பக்கங்களுக்கும் சம நேரம் எனக் கொண்டால் 0.02 செக்கன்.

4. இயக்க நரம்புக்கலம்.

5. பிழை. இயக்க நரம்புக்கலம் தசையைச் சுருங்கவே தூண்டும். கணத்தாக்கம் நின்றவுடன் தசை தளரும். இயக்க நரம்புக்கலத்தை அடக்குவது இடைத்தூது நரம்புக்கலமாகும்.

நினைவிற் கொள்க

• அசைவின் வகையைத் தீர்மானிப்பது தசை மட்டுமன்று. தொழிற்படும் இயக்க நரம்புக்கலங்களின் தெரிவும் ஒழுங்குமாகும்.
• சிறிய நரம்புக்கலம் – செந்தசை – மெதுவான, நீடித்த அசைவு.
• பெரிய நரம்புக்கலம் – வெண்தசை – வேகமான, குறுகிய அசைவு.
• ஒரு பக்கம் தூண்டப்படும்போது மறுபக்கம் அடக்கப்படும்.

அடுத்த முறை சுது கங்கைப் பாலத்தைக் கடக்கும்போது, நீரோட்டத்தில் அசையாது நிற்கும் மீனைப் பாருங்கள். அப்போது அதன் முண்ணாணில் எந்த நரம்புக்கலங்கள் வேலை செய்கின்றன, எவை காத்திருக்கின்றன என்பதை உங்களாற் கூற முடியுமாயின், இப்பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டது.